வெள்ளையாப் பூத்திருக்காம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. பாதி காரைக்காலில், பாதி மாஹேயில்.

அப்போது நான் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் நானும் என் தங்கச்சியும் மட்டும்தான். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை. தங்கச்சிக்கு ஏன் ஆகவில்லை என்பது அவள் தெருவில் நடந்து போனாலே தெரிந்துவிடும். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போயிருந்தது.

கால்தான் அப்படியே தவிர, வாய் இருக்கிறதே, அது எட்டு ஊருக்குக் கேட்கும். மீன்காரியிடம் பேரம் பேச நான் பயந்து நிற்பேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்தபடியே, "இந்த மீனு கடல்ல செத்துச்சா, உங்கூடையில செத்துச்சா?" என்று கேட்டு மீன்காரியையே சிரிக்க வைத்து வாங்கிவிடுவாள். நான் சம்பாதித்தேன், அவள் குடித்தனம் நடத்தினாள். சண்டை போட்டுக்கொள்வோம். ஆனால் ஒருத்தி சாப்பிடாமல் இன்னொருத்தி சாப்பிட்டதில்லை.

அவளுடைய உலகம் கொல்லைப்புறம். அங்கே மண் தொட்டிகளில் வெள்ளைச் செவ்வந்தி வளர்த்தாள். அம்மா வைத்த செடியின் வம்சம் அது. ஒவ்வொரு வருடமும் பூத்து ஓய்ந்ததும் அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பிரித்து, காப்பாற்றி வைத்திருந்து, வைகாசியில் புது மண்ணில் நடுவாள். ஐப்பசியில் தொட்டி தெரியாமல் பூக்கும். யாராவது பூ கேட்டால் கை நிறையக் கொடுப்பாள். கன்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும்.

"பூ எத்தன வேணும்னாலும் கேளுங்க. கன்னு மட்டும் கேக்காதீங்க. அது எங்க வூட்டுப் பொண்ணு, வெளிய கட்டிக் குடுக்கறதா இல்ல."

அந்தப் பூ யாருக்கென்றால், கல்லறைத் திருநாளுக்கு. நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில்தான் இருப்போம். கல்லறைகளைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்துவோம். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மற்றவர்கள் கடைத்தெருப் பூவோடு வருவார்கள். எங்கள் அப்பா அம்மா கல்லறைக்கு மட்டும் வீட்டுப் பூ. தங்கச்சி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, வேண்டுமென்றே நடுப்பாதையில் போவாள். நாலு பேர் பார்க்கணுமாம். நான் பின்னால் போவேன், வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

செடிக்கு அவள் தண்ணீர் ஊற்றுவதுதான் எனக்குப் பொறுக்காது. எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும். கடல் பக்கத்தில் இருக்கிற ஊரில் வேறெப்படி இருக்கும்? குடிக்க, சமைக்கத் தெருக்குழாய்த் தண்ணீர். மற்றதெல்லாம் கிணறு. அவள் வாளி வாளியாக இறைத்து, ஒரு தொட்டிக்கு ஊற்றி, அது அடித்துளை வழியாக ஒழுகி முடிந்த பிறகு மறுபடி ஊற்றுவாள். கொல்லை முழுக்கச் சேறு.

"ஏண்டி, செடிக்குத் தண்ணி ஊத்துறியா, தரையக் கழுவுறியா?" என்பேன்.

"குளிப்பாட்டுறேன்க்கா. குடிக்க மட்டும் குடுத்தாப் போதுமா? நீ குடிக்கறதோட நிறுத்திக்கிறியா, குளிக்கிறியா இல்லியா?" என்பாள்.

நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அவளுக்குச் செடியெல்லாம் பிள்ளை மாதிரி, அதனால் அப்படிக் கொஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் அந்தச் சொல்லில் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அம்மா அப்படிச் சொல்லி அப்படிச் செய்தாள், இவளும் செய்தாள்.

அந்த வருடம் வைகாசியில் கன்றுகளை நட்டுவிட்டு, "இடுப்பு வலிக்குதுக்கா" என்று படுத்தாள். பிறகு கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். வயிறு வீங்கி, முகம் சுருங்கிக் கிடந்தாள். அப்போதும் வாய் அடங்கவில்லை.

"அக்கா, எனக்கு மட்டும் கடைப் பூவக் கொண்டாந்து போட்டுறாத. எழுந்து வந்துருவேன்."

"வாயக் கழுவுடி" என்று அதட்டினேன். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் தெளிவாக ஏதும் பேசியதாக எனக்கு நினைவில்லை. இரண்டொரு நாளில் போய்விட்டாள். தெருப்பெண்கள் வந்து குளிப்பாட்டினார்கள். என்னையும் ஒரு செம்பு ஊற்றச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா அம்மா பக்கத்திலேயே அவளை வைத்தோம்.

வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் திறந்தால் அந்தக் கன்றுகள் தளதளவென்று நின்றன. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நட்டவள் போய்விட்டாள், இதுகளுக்கு என்ன கேடு வந்தது, நல்லாத்தானே நிற்கின்றன என்று வாய்விட்டே திட்டினேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இந்த வருடம் அவள் கல்லறையில் இந்தப் பூதான் இருக்க வேண்டும். அதுவரைக்கும் நான் உயிரோடு இருப்பது, அதற்குப் பிறகு என்னவானாலும் ஆகட்டும். அப்படி ஒரு முடிவுக்கு வந்தேன்.

ஆடி பிறப்பதற்குள் மாற்றல் உத்தரவு வந்தது. மாஹேக்கு.

எங்கள் பக்கத்து அரசு ஊழியர்களைக் கேட்டுப் பாருங்கள், மாஹே, ஏனாம் என்ற இரண்டு ஊர்ப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஒன்று மலையாளக் கரையில், இன்னொன்று ஆந்திராவில். நாமெல்லாம் ஒரே சர்க்கார்தான், ஆனால் போய்ச் சேர ரயில் மாறி ரயில் ஏற வேண்டும். குடும்பம், பிள்ளைகள் படிப்பு என்று சொல்லி ஆளாளுக்குத் தப்பித்துக்கொள்வார்கள். நானும் அதிகாரியிடம் போய் நின்றேன். நவம்பர் முடியட்டும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகிறேன் என்றேன்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்காங்கம்மா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார்."

"வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க?"

"இல்ல சார்."

"அப்ப என்னம்மா கஷ்டம் உங்களுக்கு?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். தொட்டியில் நாலு செடி இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒன்றும் இல்லை சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். யாரும் இல்லாதவளை எங்கே தூக்கிப் போட்டால் என்ன? அன்றைக்கு அந்த அலுவலகப் படிக்கட்டில் இறங்கியபோது இருந்த வெறுமை மாதிரி அதற்கு முன்னால் எனக்கு இருந்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு லாத்தா வீடு. எங்கள் தெரு முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அவர் கணவர் சவூதியில் இருந்தார். கொல்லைக் கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. தங்கச்சிக்கும் அவருக்கும் கிணற்றடியில் பேச ஆரம்பித்தால் முடிவே கிடையாது. லாத்தாவுக்கு மூட்டு வலி. தினமும் வாளி வாளியாக இறைத்து ஊற்ற அவரால் முடியாது, அப்படிக் கேட்கவும் எனக்கு மனசில்லை. என்ன செய்வது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் டீ போட உட்கார்ந்தவள் ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரி ஸ்டவ். கீழே மண்ணெண்ணெய், மேலே நெருப்பு. நடுவில் இருக்கிற திரி, யாரும் ஊற்றாமலேயே எண்ணெயைக் கீழிருந்து மேலே உறிஞ்சிக் கொடுக்கிறது. எண்ணெயை உறிஞ்சுகிற திரி தண்ணீரை உறிஞ்சாதா?

அன்றைக்கே கடையில் புது ஸ்டவ் திரிக் கட்டு வாங்கி வந்தேன். செவ்வந்தித் தொட்டியின் அடித்துளை வழியாகத் திரியை நுழைத்து, ஒரு பாதி மண்ணுக்குள்ளும் மறுபாதி கீழே தொங்குவதுமாக விட்டேன். வாய் அகன்ற பானை ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதன் வாயில் தொட்டியை உட்கார வைத்தேன். முதலில் காய்ந்த மண் போட்ட வெறும் தொட்டியில்தான் சோதித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் மேல்மண் வரைக்கும் ஈரம் ஏறியிருந்தது. விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். தங்கச்சி போனதற்குப் பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

லாத்தா எட்டிப் பார்த்து, "என்னாம்மா, செடிக்கு ஸ்டவ்வு பத்த வெக்கிறியா?" என்றார். விளக்கிச் சொன்னதும் மூக்கில் விரல் வைத்தார். "அடி ஆத்தே! ஒந்தங்கச்சி இருந்தா நம்ம வாளிய எடுத்துப் பரண்ல போட்டிருப்பா."

எல்லாத் தொட்டிக்கும் அப்படியே செய்தேன். அது மட்டுமா? என் புத்தி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மழை பெய்தால் கீழ்ப்பானை வழிந்து, மண் சேறாகி, வேர் அழுகிவிடும் அல்லவா? அதனால் வெட்டவெளியில் இருந்த தொட்டிகளையெல்லாம் கொல்லைத் தாழ்வாரத்து ஓரத்துக்கு மாற்றினேன். காலை வெயில் படும், மழை படாது. கொசு வராமல் பானை வாயைச் சுற்றித் துணி கட்டினேன். ஒரே ஒரு இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தண்ணீர் குறையும்போது ஊற்றச் சொன்னேன். தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவி ஒளூச் செய்ய லாத்தா வைத்திருந்த மூக்குக் கிண்டி அதற்குக் கச்சிதமாக இருந்தது.

"மேல ஊத்த வேணாம் லாத்தா. பானைக்கு மட்டும் ஊத்துனாப் போதும். மழை மட்டும் படாமப் பாத்துக்குங்க."

சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு லாத்தா சொன்னார்: "அமானிதமாக் குடுத்துட்டுப் போற. நீ வர்ற வரைக்கும் எம் பொறுப்பு. கவலப்படாமப் போயிட்டு வா."

நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அவர்கள் சொல்கிற வார்த்தை அது. லேசில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள்.

மாஹேயில் எனக்கு ஒரு மாடி அறை கிடைத்தது. போன நாளிலிருந்து மழை. சுவரெல்லாம் பாசி, துணி காயாது, மொழி பிடிபடாது. கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். சாயங்காலம் அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே ஒரு தட்டு குறையும். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் கொட்டிய நாட்கள் உண்டு. என்னை அங்கே நிறுத்தி வைத்திருந்தது ஒரே ஒரு நினைப்புதான். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறபோதே, அங்கே திரி தன்பாட்டில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு.

எங்கள் அலுவலகத்தில் காரைக்கால் பக்கத்து அம்பகரத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். எனக்கு முன்பே மாற்றலாகி வந்தவர். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் இருந்ததால் முடிந்தபோதெல்லாம் ஓடுவார். காரைக்காலில் இறங்கித்தான் பஸ் மாறணும். எனக்காக எங்கள் தெருவுக்குப் போய் லாத்தாவைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வேன். ஆவணியில் போய் வந்து, "செடியெல்லாம் ஜம்முன்னு இருக்காம், மொட்டுக் கட்டப் போவுதாம்" என்றார். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

புரட்டாசியில் மறுபடி போய் வந்தார். வந்ததும் என் மேஜைக்கே வந்து சொன்னார்.

"அந்தம்மா வாசல்லயே நின்னு சொன்னாங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு. உங்க தொட்டியெல்லாம் வெள்ளையாப் பூத்திருக்காம். என்னா செய்யணும்னு கேட்டு வரச் சொன்னாங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெள்ளையாப் பூத்திருக்காம்! புரட்டாசியிலேயே! அவள் கையால் ஊற்றியபோதுகூட ஐப்பசிக்கு முன்னால் பூத்ததில்லை. என் திரி ஸ்டவ்வுக்கு இவ்வளவு மகிமையா என்று தலைக்கனம் ஏறியது. உடனே இன்னொரு பயம். இப்போதே பூத்தால் நவம்பர் வரை நிற்குமா? லாத்தா ஆசைப்பட்டுப் பறித்துவிட்டால்?

"தொடவே வேணாம்னு சொல்லுங்க சார். ஒண்ணுகூட எடுக்க வேணாம். எப்படி இருக்கோ அப்படியே விட்டுடணும். நான் வந்து எடுத்துக்கறேன்."

அடுத்த தடவை போனபோது அதை அப்படியே சொல்லிவிட்டு வந்தார். ரொம்ப நேர்மையான மனுஷர்.

அக்டோபர் கடைசியில் விடுப்பு கிடைத்தது. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எந்தக் கூடையில் பூவைக் கொண்டு போவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவள் கூடைதான். அவள் மாதிரியே நடுப்பாதையில்தான் போக வேண்டும். காரைக்காலில் மழை பிடித்துவிட்டிருந்தது. தெருவில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

லாத்தா வெளியே வந்தார். "வந்துட்டியாம்மா" என்றார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்காமலே சாவியை நீட்டினார்.

கொல்லைக் கதவைத் திறந்தேன்.

தொட்டிகள் நான் வைத்த இடத்திலேயே, மழை படாமல், இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. பானைகளில் தண்ணீர் நிறைந்து இருந்தது. செடிகள் செத்திருந்தன. இலையெல்லாம் ஓரம் கருகி, சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மிளகு மிளகாக மொட்டுகள், அப்படியே காய்ந்து கறுத்துப் போயிருந்தன. ஆனால் தொட்டியெல்லாம் வெள்ளையாக இருந்தது. மண்ணின் மேல், விளிம்பில், பக்கமெல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரு பொருக்கு படர்ந்திருந்தது. நம் வீட்டுச் சுவரிலே, பழைய தண்ணீர்ப் பானையிலே வருமே, அது. அதையும் நாம் பூத்திருக்கிறது என்றுதானே சொல்கிறோம். சுவர் பூத்திருக்கு என்போம். பானை பூத்திருக்கு என்போம்.

விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு.

"அப்பவே சொல்லி அனுப்புனேனேம்மா, பூத்திருக்குன்னு" என்று லாத்தா பின்னாலிருந்து அழ ஆரம்பித்தார். "நாலு குடம் எறச்சு மேல ஊத்தி அலசி வுட்டுருவோமான்னு எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு. நீ தொடவே வேணாம்னு சொல்லி அனுப்பிட்டே. எப்படி இருக்கோ அப்படியே வுடணும்னியாம். சரி, அந்தப் புள்ளைக்குத்தான் எல்லாம் தெரியும்னு ஒரு வெரல் படலம்மா. மழை வந்தப்பக்கூட உள்ள இழுத்து வச்சேன், நீ மழை படக்கூடாதுன்னியேன்னு. அமானிதத்தப் பாழாக்கிட்டேனே அல்லாவே!"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம். அதே கிணறு, அதே கரிப்புத் தண்ணீர்தான் அவளும் ஊற்றினாள். ஆனால் அவள் ஊற்றியது மேலிருந்து இறங்கி, உப்பையும் கூட்டிக்கொண்டு அடித்துளை வழியாக வெளியே போயிற்று. நான் எதைச் சேறு என்று திட்டினேனோ அதில்தான் உப்பு போயிற்று. என் திரியோ தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றியது, ஏற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீரை வெயில் குடித்தது. உப்பு போக வழியில்லாமல் தொட்டியிலேயே தங்கிற்று. என் செடி நாள் தவறாமல் குடித்தது. ஒருநாள்கூடக் குளிக்கவில்லை. வானத்து மழை வந்து குளிப்பாட்டியிருக்கும், அதையும் நான்தான் வர விடவில்லை. கடைசியாக லாத்தா குளிப்பாட்டியிருப்பார். மாஹேயில் உட்கார்ந்துகொண்டு அதையும் வேண்டாம் என்று ஆள் அனுப்பினேன்.

"லாத்தா, நீங்க ஒண்ணும் பண்ணல" என்றேன். "நான் பூ பூத்திருக்குன்னு நெனச்சுட்டேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார், மூட்டு வலியையும் பார்க்காமல்.

வேரையாவது காப்பாற்றலாம் என்று எல்லாத் தொட்டியையும் மழையில் தூக்கி வைத்தேன். வாளி வாளியாக இறைத்து ஊற்றினேன். அடியில் ஒழுகுகிற வரை ஊற்றி, மறுபடி ஊற்றினேன். கொல்லை பூராவும் சேறாயிற்று. ஒரு பக்கக் கன்றாவது கிளம்பாதா என்று மண்ணைத் தோண்டிப் பார்த்தால், வேர் கையோடு பொலபொலவென்று வந்தது. வெளியே யாருக்காவது ஒரு கன்று கொடுத்திருந்தால் கேட்டு வாங்கியிருக்கலாம். எங்கள் வீட்டுப் பெண்ணைத்தான் நாங்கள் யாருக்கும் கட்டிக் கொடுக்கவில்லையே. அம்மா செடியின் வம்சம் அன்றோடு முடிந்தது.

கல்லறைத் திருநாளன்று லாத்தா வந்து, "கடைத்தெருவுல நல்ல பூவாப் பாத்து நான் வாங்கியாறேம்மா" என்றார். வேண்டாம் என்றேன். கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் இறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாகப் போனேன். ஓரமாகவே போனேன்.

கல்லறைத் தோட்டம் முழுக்கப் பூவும் மெழுகுவர்த்தியும் சனமுமாக இருந்தது. அவள் கல்லறை இன்னும் கட்டவில்லை. மண்மேடும் மரச் சிலுவையும்தான். சுற்றிலும் எல்லாக் கல்லறையும் பூவுக்குள் மறைந்து கிடக்க, இது மட்டும் மொட்டையாக இருந்தது. பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஓர் அம்மா, பாவம் நல்லெண்ணத்தில்தான், "எங்கேம்மா இந்த வருஷம் வீட்டுப் பூவக் காணோம்?" என்று கேட்டார்.

"பூக்கல" என்றேன்.

அவர் ஐயோ என்று சொல்லி, தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி என் தங்கச்சி மேல் வைத்தார். கடைப் பூ. எடுத்து எறியக் கை போனது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். எழுந்து வந்துருவேன் என்றாளே, வரட்டுமே, வந்து என்னை நாலு வார்த்தை கேட்கட்டுமே என்று அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் வரவில்லை. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் குடத்தைத் தூக்கி, சிலுவையிலிருந்து கால்மாடு வரை அந்த மண்ணின் மேல் ஊற்றினேன். அன்றைக்கு ஊற்றாமல் விட்ட ஒரு செம்பும் அதில் சேர்த்தி. "குளிச்சுக்கடி" என்றேன். மணல் மண், ஊற்ற ஊற்ற உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தக் கடைப் பூ மட்டும் ஓரத்தில் ஒதுங்கி நின்றது.

விடுப்பு முடிந்து மாஹேக்குப் போனேன். அம்பகரத்தூர்க்காரர், "பூவெல்லாம் நல்லா வந்துச்சாம்மா?" என்று கேட்டார். வந்தது சார் என்றேன். அந்த மனுஷரிடம் வேறென்ன சொல்வது?

பிறகு மாற்றலாகிக் காரைக்காலுக்கே வந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். கல்லறையைக் கட்டிவிட்டேன். வருடா வருடம் கடைப் பூதான் கொண்டு போகிறேன், வேறு வழியில்லை. வெள்ளைச் செவ்வந்திக் கன்று கடையில் கிடைக்காமலில்லை, ஆனால் அது அவள் நட்டது இல்லையே. இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து "பூத்திருக்கு" என்று சொன்னால், "என்ன பூத்திருக்கு?" என்று கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை, அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு அந்த மேஜையில் கேட்டிருந்தால் என் தங்கச்சி தன் பூவோடு படுத்திருப்பாள் என்பதை எத்தனை குடம் ஊற்றியும் என்னால் கழுவ முடியவில்லை.